சோதனைக்கூடம் இல்லாத துறையில் தப்பு எப்படிப் பிடிபடும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறீர்கள். இயற்பியல் படித்த நண்பர், "நாங்கள் சோதனை செய்கிறோம், நீங்கள் கருத்துச் சொல்கிறீர்கள், இரண்டுக்கும் ஆராய்ச்சி என்றே பெயரா?" என்று கேட்டிருக்கிறார். நெறியாளரோ, வினாநிரல் ஒன்று தயாரித்து நூறு பேரிடம் கொடுத்து விழுக்காடு போட்டால் ஆய்வு அறிவியல்பூர்வமாகிவிடும் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது இது என்று நினைக்கிறேன்: சோதனைக்கூடம் இல்லாத துறையில் ஒருவர் தப்பாகச் சொல்லிவிட்டால் அது எப்படி வெளியே வரும்? அதற்கே பதில் எழுதுகிறேன். என் பயிற்சி சுவடிப் பதிப்பில் என்பதால் அந்தப் பக்கம் பேச்சு சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நண்பர் போட்ட கோடு. சோதனை செய்யும் துறை, செய்யாத துறை என்று பிரித்தால் வானியலும் நிலவியலும் உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். நட்சத்திரத்தை யாரும் வெடிக்க வைத்துப் பார்ப்பதில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் ஏன் அழிந்தன என்பதை மறுபடி நடத்திப் பார்க்கவும் முடியாது. 1980-இல் அமெரிக்காவின் அல்வாரெஸ் குழுவினர் செய்தது கிட்டத்தட்ட வரலாற்றாசிரியரின் வேலைதான். இத்தாலியில் குப்பியோ அருகே பாறை அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய களிமண் படலத்தில் இரிடியம் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருந்தது. பூமியின் மேற்பரப்பில் அரிதான அந்த உலோகம் விண்கற்களில் அதிகம். டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் அதே காலத்துப் படலத்தில் பார்த்தார்கள், அங்கும் இருந்தது. மோதிய இடம் எங்கே என்ற கேள்வி மட்டும் நின்றது. மெக்சிகோவின் யூகடான் கரையில் புதைந்து கிடக்கும், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலமுள்ள சிக்ஸுலூப் பள்ளம்தான் அது என்று 1991-இல் அடையாளம் காட்டினார்கள். தடயம் தேடி, அது தனித்தனி இடங்களில் ஒத்து வருகிறதா என்று பார்ப்பதுதான் இதில் நடந்த சோதனை.

இனி எதிர்ப்பக்கம். மொழி, எழுத்து பற்றிய ஆய்வில் முன்கூட்டிச் சொல்லிச் சரிபார்க்கவே முடியாது என்று நண்பர் நினைத்தால், லீனியர் பி எழுத்து படிக்கப்பட்ட கதையை அவருக்குச் சொல்லுங்கள். கிரீட் தீவிலும் கிரேக்க நிலப்பகுதியிலும் கிடைத்த பழங்காலக் களிமண் பலகைகளில் இருந்த அந்த எழுத்து கிரேக்க மொழிதான் என்று மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1952-இல் அறிவித்தார். எந்தக் குறிக்கு எந்த ஒலி என்று ஓர் அட்டவணையும் போட்டிருந்தார். அவர் பார்த்தே இராத பலகைகளை கிரீஸின் பைலோஸில் தோண்டி எடுத்திருந்த தொல்லியலாளர் பிளேகன், 1953-இல் அவற்றுள் ஒன்றை அந்த அட்டவணையை வைத்துப் படித்துப் பார்த்தார். பலகையில் பாத்திரங்களின் படமும் பக்கத்தில் சொல்லும் எண்ணும் இருந்தன. முக்காலிப் பாத்திரப் படத்தின் அருகே, அட்டவணைப்படி 'தி-ரி-போ-தே' என்று வந்தது. முக்காலிக்கான கிரேக்கச் சொல்லின் இருமை வடிவம், அதாவது இரண்டைக் குறிக்கும் வடிவம் அது. எண்ணும் 2 என்றே இருந்தது. மூன்று கைப்பிடி உள்ள பாத்திரத்துக்கு 'தி-ரி' என்று தொடங்கும் சொல், நான்கு கைப்பிடிக்கு 'க்வெ-தோ-ரோ', கைப்பிடியே இல்லாததற்கு 'அ-நோ'. அட்டவணை தப்பாக இருந்திருந்தால் படமும் சொல்லும் எண்ணும் இப்படி ஒரே பலகையில் ஒத்து வந்திருக்க வழியில்லை. இயற்பியலில் இதைவிட மோசமான உறுதிப்பாட்டை வைத்துக்கொண்டு கட்டுரை வெளியிட்டவர்கள் உண்டு.

இன்னொன்று, இதைவிட நிதானமாக நடந்தது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் உயிரொலி மாற்றங்களை விளக்க, அப்போது தெரிந்த எந்த மொழியிலும் இல்லாத சில ஒலிகள் அவற்றின் மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் சோசூர் தம் 21-ஆம் வயதில் எழுதினார். நூலில் அச்சிட்ட ஆண்டு 1879. இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கி மறைந்த ஹிட்டைட் என்ற இந்தோ-ஐரோப்பிய மொழி படிக்கப்பட்டது 1915-இல். சோசூர் சொன்ன இடங்களில் ஹிட்டைட்டில் ஒரு மெய்யொலி நிற்கிறது என்று மொழியியலாளர் குரிலோவிச் 1927-இல் காட்டினார். சோசூர் அப்போது உயிருடன் இல்லை. இதில் உறுதி எது, ஐயம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படி ஒலிகள் இருந்தன என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எத்தனை என்பதில் உண்டு. மூன்று என்பவர்களே அதிகம். அவை எப்படி ஒலித்தன என்பது இன்னும் ஊகம்தான்.

ஆகவே கோட்டை வேறு இடத்தில் போட வேண்டும். என் பார்வையில், எந்தத் துறையானாலும் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த முடிவுக்குச் சாட்சி சொல்பவை ஒன்றையொன்று பார்த்து எழுதினவையா, தனித்தனியாக வந்தவையா? சுவடிப் பதிப்பில் இதுதான் முதல் பாடம். ஒரு நூலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைக்கின்றன, ஓரிடத்தில் ஒன்பதில் ஒரு பாடம் (அதாவது ஒரு சொல்வடிவம்), ஒன்றில் வேறு பாடம். ஓட்டெடுப்பு நடத்தினால் ஒன்பதுதான் ஜெயிக்கும். அந்த ஒன்பதும் ஒரே சுவடியைப் பார்த்துப் படியெடுத்தவை என்றால் சாட்சி ஒன்றுதான். கணக்கு ஒன்றுக்கு ஒன்று. பார்த்துப் படியெடுத்தவை என்று எப்படித் தெரியும்? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் லாக்மன் பெயரால் நிலைத்த முறையின் அடிப்படை இது: சரியான பாடத்தில் இரண்டு சுவடிகள் ஒத்திருப்பது எதையும் காட்டாது, ஏனெனில் சரியானதை யாரும் எழுதியிருக்கலாம். ஒரே வினோதமான தவறில் ஒத்திருந்தால் அவை ஒரே தாயிலிருந்து வந்தவை. தேர்வில் பார்த்து எழுதியவர்களை ஆசிரியர் பிடிப்பதும் இப்படித்தானே. இந்த முறை எங்கே தோற்கும் என்பதும் தெரிந்ததே. படியெடுத்தவர் இரண்டு சுவடிகளைப் பக்கத்தில் வைத்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று நல்லதாகத் தோன்றியதை எடுத்திருந்தால் வம்சாவளி குழம்பிவிடும். அப்போது பதிப்பாசிரியர் பாடபேதங்களை எல்லாம் அடிக்குறிப்பில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே நேர்மை.

தமிழ் ஓலையில் எழுத்தளவிலேயே இந்தச் சிக்கல் உண்டு. பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே வடிவம். நெடிலுக்கான காலும் ரகரமும் ஒரே உரு. ஆக ஒரு கொம்பு, ஒரு ககரம், ஒரு கால் என்று ஏட்டில் வரிசையாக நின்றால் அதைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறு விதமாகப் படிக்கலாம். எதை எடுப்பது? சீரும் தளையும் சிலவற்றைத் தள்ளும். எதுகை சிலவற்றைத் தள்ளும். பழைய உரையாசிரியர் யாராவது அந்த அடியை மேற்கோள் காட்டி இருந்தால் அது தனிச் சாட்சி, சில நேரம் சுவடியைவிட மதிப்பு மிக்கது. எல்லாவற்றுக்கும் பிறகும் இரண்டு மிஞ்சினால், எளிதான பாடத்தைக் கடினமாக்கிப் படியெடுப்பவர் குறைவு, கடினமானதை எளிதாக்குபவரே அதிகம் என்பதால், கடினமானதன் பக்கம் சாய்வது வழக்கம். சாய்வது என்றே சொல்கிறேன். கடினமான பாடம் வெறும் எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். யாப்பு தள்ளியதைச் சற்றே உறுதியாகச் சொல்லலாம், கடினத்தை நம்பி எடுத்ததை அப்படிச் சொல்லக் கூடாது.

இதே நோய் சோதனைக்கூடத்திலும் உண்டு. ஒரே எலியைப் பத்து முறை அளந்துவிட்டுப் பத்து எலி என்று கணக்குக் காட்டுவதைச் சூழலியலில் ஹர்ல்பர்ட் 1984-இல் அந்தத் தவறுக்கு ஒரு பெயர் வைத்தே சாடினார். வரலாற்றில் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு 1983-இல் ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' இதழ் வெளியிட்ட ஹிட்லர் நாட்குறிப்புகள். கையெழுத்து வல்லுநர்கள் ஒப்பிட்டுப் பார்த்து ஒரே கைதான் என்றார்கள். ஒரே கைதான், அது ஹிட்லரின் கை இல்லை. ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலும் அதே போலிக்காரர் எழுதியவை கலந்திருந்தன. தாளிலும் நூற்கட்டிலும் போருக்குப் பிந்தைய பொருள்கள் இருப்பதை ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகச் சோதனை காட்டியதும் கதை முடிந்தது. பழைய ஆவணத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அது என்ன சொல்கிறது என்பதை அல்ல. இதுவரை யார் யார் கையில் இருந்தது என்பதைத்தான்.

இயற்பியல் நண்பருக்கு ஓபெரா என்ற சோதனையின் கதை தெரிந்திருக்கும். 2011 செப்டம்பரில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்திலிருந்து ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி வந்ததாக ஒரு குழு அறிவித்தது. 15,000-க்கு மேற்பட்ட நிகழ்வுகள், ஆறு சிக்மா. முடிவு வெறும் தற்செயலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதன் அளவுதான் சிக்மா. ஹிக்ஸ் துகளை 2012 ஜூலை 4 அன்று அறிவித்தபோது கேட்கப்பட்டதே ஐந்து சிக்மாதான். வெறும் தற்செயலால் அத்தனை பெரிய ஏற்றம் தெரிய வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று என்று அதற்குப் பொருள். ஆனால் ஓபெராவின் நிகழ்வுகள் அத்தனையும் ஒரே கடிகாரத்தை நம்பி இருந்தன. அதற்குப் போகும் கண்ணாடி இழை வடத்தின் இணைப்பு ஒன்று சரியாக முடுக்கப்படவில்லை என்று சில மாதங்களில் தெரிந்தது. சிக்மா தற்செயலைத்தான் அளக்கும். எல்லா அளவுகளிலும் ஒரே பக்கமாக ஏறியிருக்கும் பிழை அதன் கண்ணில் படாது. ஒன்பது சுவடிகளின் கதைதான் இது.

இயற்பியல் துறை தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கப் போட்டுக்கொண்ட பூட்டுகளும் பாராட்டத் தக்கவை. ஈர்ப்பலைகளைத் தேடிய லைகோ குழுவில், சிலருக்கு மட்டுமே தெரிந்து, போலிச் சமிக்ஞையைக் கருவிக்குள் செலுத்தும் ஏற்பாடு இருந்தது. 2010 செப்டம்பரில் அப்படி ஒன்று செலுத்தப்பட்டது. மற்றவர்கள் மாதக்கணக்கில் அலசிக் கட்டுரையே எழுதி வைத்தார்கள். 2011 மார்ச்சில் உறையைப் பிரித்தபோதுதான் அது போலி என்று தெரிந்தது. உண்மையான அலை 2015 செப்டம்பர் 14 அன்று வந்தபோது, இது நாமே செலுத்தியதா என்பதையும் முதலில் விசாரிக்க வேண்டி வந்தது. இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் இப்படி ஒரு பூட்டு இல்லை. இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

மருத்துவத்தில் பூட்டு வேறு மாதிரி. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழு நடத்தி 1948-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்கள் 55 பேர், படுக்கை ஓய்வு மட்டும் 52 பேர். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் முன்னதில் 4, பின்னதில் 14. யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் எண்கள் தீர்மானித்தன. அது ஒட்டிய உறைக்குள் இருந்தது, நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகே உறை திறக்கப்பட்டது. அடுத்து வருபவருக்கு மருந்து கிடைக்கும் என்று முன்பே தெரிந்தால், மருத்துவர் தம்மை அறியாமலே தேறக்கூடியவரைச் சேர்த்துவிடுவார். எக்ஸ்-ரே படங்களைப் படித்தவர்களுக்கும் அது எந்தப் பிரிவின் படம் என்று தெரியாது. இவ்வளவு செய்த பிறகும், எதை அளக்கிறோம் என்பதில் கோட்டைவிடலாம். மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்புக் கோளாற்றை அடக்கும் சில மருந்துகள் துடிப்பை நன்றாகவே அடக்கின, ஆனால் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அவற்றை எடுத்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்று 1989-இல் ஓர் ஆய்வு காட்டியது. கேட்க வேண்டியது உயிர் பிழைப்பதைப் பற்றி. அதுவரை அளந்துகொண்டிருந்தது துடிப்பை.

புள்ளியியல் சேர்ந்தாலே உறுதி வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு உளவியல் நல்ல மருந்து. 0.05 என்ற வரம்பை (தற்செயலால் மட்டுமே அப்படி வர இருபதில் ஒரு வாய்ப்பு) வைத்துக்கொண்டு உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இருபது விஷயங்களைச் சோதித்தால், ஒன்றாவது 'குறிப்பிடத்தக்கது' என்று வர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றை மட்டும் எழுதி மற்ற பத்தொன்பதைப் பெட்டியில் போட்டால் கட்டுரை தயார். இப்படிப்பட்ட பல சோதனைகளுக்குத் திருத்தம் செய்யாவிட்டால் செத்த மீனின் மூளைகூட வேலை செய்வதாக ஸ்கேன் காட்டும் என்று 2009-இல் ஒரு சால்மனை வைத்தே செய்து காட்டினார்கள். 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூலத்தில் 97 விழுக்காட்டில் கிடைத்த குறிப்பிடத்தக்க முடிவு மறுபடியில் 36 விழுக்காட்டில்தான் கிடைத்தது. மீதி எல்லாம் பொய் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. மறுபடி செய்ததிலும் தவறு இருக்கலாம், சூழல் மாறியிருக்கலாம். ஒரே ஓர் ஆய்வை வைத்து எதையும் நம்பக் கூடாது என்பது மட்டும் உறுதி.

கணிதம் தனி ஜாதி. அங்கே சாட்சியே கிடையாது, நிரூபணம்தான். ஆனால் நிரூபணத்தைப் படிப்பவர்கள் மனிதர்கள். உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றிய கெப்ளரின் ஊகத்துக்குக் கணிதவியலாளர் ஹேல்ஸ் 1998-இல் கொடுத்த நிரூபணத்தைப் பன்னிரண்டு மதிப்பீட்டாளர்கள் பல ஆண்டுகள் பார்த்துவிட்டு, 99 விழுக்காடு சரி, முழுவதையும் உறுதிப்படுத்த முடியவில்லை என்று கைவிரித்தார்கள். கடைசியில் ஒவ்வொரு படியையும் கணினி சரிபார்க்கும் வடிவில் அதை எழுதி முடிக்க 2014 ஆகிவிட்டது.

அறிவியல் கருவியை வரலாற்றுக்குக் கடன் வாங்கும்போது என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் உங்கள் நெறியாளர் சொல்வது இதன் ஒரு வகைதான். பழம்பொருளின் காலத்தைக் கணிக்க உதவும் கார்பன்-14இன் அரை ஆயுள் (அது பாதியாகக் குறைய ஆகும் காலம்) 5,730 ஆண்டுகள், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் அது உதவாது. கிடைக்கும் எண்ணை மர வளையங்களை வைத்துத் திருத்தித்தான் நாட்காட்டி ஆண்டாக்குகிறார்கள். அந்தத் திருத்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. கி.மு. 700-இன் விதையும் கி.மு. 450-இன் விதையும் ஒரே மாதிரி எண்ணைக் கொடுக்கும். அந்த நானூறு ஆண்டுகளுக்குள் துல்லியம் கேட்பவர் இந்தக் கருவியை மட்டும் நம்ப முடியாது. மேலும், கரித்துண்டு சொல்வது அந்த மரவளையம் வளர்ந்த காலத்தை, அது எரிந்த காலத்தை அல்ல. முதிய மரத்தின் நடுப்பகுதி என்றால் நூறு இருநூறு ஆண்டுகள் முன்தள்ளிக் காட்டும். அதனால்தான் தெரிந்தவர்கள் கரியைவிடத் தானிய மணியைத் தேடி எடுக்கிறார்கள்.

நேர்காணல், களப்பணி சார்ந்த ஆய்வுகளைப் பற்றிச் சுருக்கமாக. பன்னிரண்டு பேரிடம் ஆழமாகப் பேசினால் என்னென்ன வகைக் காரணங்கள் இருக்கின்றன என்று சொல்லலாம். எத்தனை விழுக்காட்டினர் அப்படி நினைக்கிறார்கள் என்று ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. குறிப்புகளை அன்றன்றே எழுதுவதும், பார்த்ததையும் அதற்குத் தாம் கொடுத்த விளக்கத்தையும் தனித்தனிப் பத்தியில் வைப்பதும் இங்கே குறைந்தபட்ச ஒழுங்கு.

இப்போது உங்கள் துறை. ஒரு கவிதைக்கு ஒரே சரியான பொருள் என்று நிரூபிக்க முடியாது. அதில் நண்பர் சொல்வது சரி. ஆனால் தப்பான பொருளைத் தப்பு என்று காட்ட முடியும். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நிலங்களைப் போப்புக்குக் கொடுத்ததாகச் சொல்லும் ஆவணம் போலி என்று இத்தாலிய அறிஞர் லொரென்ஸோ வல்லா 1440-இல் காட்டியது பெரிதும் மொழியை வைத்துத்தான். நான்காம் நூற்றாண்டு ரோம அரசாணையில், பாரசீக ஆளுநரைக் குறிக்கும் 'சத்ரப்' என்ற சொல்லுக்கு என்ன வேலை என்று கேட்டார். ஒரு சொல் அந்தக் காலத்தில் அந்தப் பொருளில் வழங்கியதா, உங்கள் வாசிப்புக்கு இடையூறான அடிகளை மறைத்தீர்களா, உரையை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்ற மூன்றில் இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் விழும். இவை மூன்றையும் இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

வினாநிரல் விஷயம். உங்கள் தலைப்பு இன்றைய வாசகர்கள் அந்த நூலை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதானால் வினாநிரல் சரியான கருவி. நூலைப் பற்றியே என்றால், நூறு பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது அந்த நூறு பேரைப் பற்றிய தகவல் மட்டுமே. சரியாகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த நூறு பேரிடம் கேட்டாலும் விழுக்காட்டில் பத்துப் புள்ளி வரை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தள்ளும். தெரிந்தவர்களிடம் கொடுத்து வாங்கினால் அந்தக் கணக்கும் செல்லாது.

எண்ணுவது இலக்கியத்துக்கு ஆகாது என்பதும் இல்லை. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில் பன்னிரண்டை எழுதியவர் ஹாமில்டனா மாடிசனா என்ற பழைய வழக்கைப் புள்ளியியலாளர்கள் மோஸ்டெல்லரும் வாலஸும் 1964-இல் சொல் எண்ணிக்கையால் தீர்த்தார்கள். 'அப்பான்' (upon) என்ற சிறு சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூன்று முறை அளவில் போடுவார், மாடிசனிடம் அது ஐயாயிரம் சொல்லுக்கு ஒருமுறை அளவில்தான். பன்னிரண்டும் மாடிசன் பக்கம் சாய்ந்தன. அது பலித்ததற்குக் காரணம், ஒரே காலம், ஒரே வகை எழுத்து, போட்டியாளர் இருவரே, இருவர் எழுதியதும் தாராளமாகக் கிடைத்தது. குறுகிய செய்யுளில், சொல்லை யாப்பு தேர்ந்தெடுக்கும் இடத்தில், அதே கணக்கு தடுமாறும்.

நெறியாளர் எண் வேண்டும் என்று விடாப்பிடியாக இருந்தால், நூலுக்கு உள்ளேயே எண்ணத் தக்கதை எண்ணுங்கள்: ஓர் உவமை எத்தனை பாடலில், யார் கூற்றில், எந்தச் சூழலில் வருகிறது என்பது போல. எதை உவமை என்று கொள்வீர்கள், உருவகத்தைச் சேர்ப்பீர்களா என்ற விதியை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதித் தேதி போட்டு வையுங்கள். பொருந்தாத பாடல்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள், அதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே கொடுங்கள். பிறகு ஐம்பது பாடல்களை, உங்கள் முடிவு இன்னதென்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து அதே விதிப்படி எண்ணச் சொல்லுங்கள். இருவர் கணக்கும் எந்த அளவு ஒத்துப்போகிறது என்று சொல்ல 1960-இல் வந்த கோஹனின் கப்பா என்ற அளவு இருக்கிறது, கையாலேயே போட்டுவிடலாம். இரண்டும் பெரிதாக விலகினால் பாடல்களை மறுபடி எண்ணாதீர்கள், விதியைத் திருத்திவிட்டு வேறு ஐம்பது பாடல்களில் மீண்டும் சோதியுங்கள்.